கிராம சபையில் போதைக்கு எதிராகத் தீர்மானம் போடப்போகிறோம்: உருப்படியாக என்ன எழுதலாம்?

வாய்க்கால்மேடு (பல்லடம் பக்கம்)

வணக்கமுங்க. எங்கள் ஊராட்சியில் ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். மே 1 கூட்டத்திலேயே ஒன்று போட்டாயிற்று. "போதைப்பொருள் இல்லாத ஊராட்சியாக மாற்ற உறுதி ஏற்கிறோம்" என்று ஒரே வரி. எல்லோரும் கை தூக்கினார்கள், செயலர் மினிட் நோட்டில் எழுதினார், டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தோம். அந்த வரியால் ஒரு பாக்கெட் விற்பனைகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

நிலவரம் இதுதான். எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பையன்களிடம் கூல் லிப் என்கிற புகையிலைப் பை. கொஞ்சம் பெரிய பையன்களிடம் கஞ்சா. சாயங்காலமானால் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன) வாய்க்கால் மேட்டிலும், ஓடாமல் கிடக்கும் தறிக்குடோனுக்குப் பின்னாலும் கூட்டம். அங்கே ஆடு மேய்க்கிற ஒரு ஆத்தா, "ஆஸ்பத்திரிக் குப்பையைக் கொட்டிப்போட்டுப் போயிருக்கானுக, ஆட்டுக் கால்ல குத்துது" என்று ஒரு பிளாஸ்டிக் பை நிறைய சிரிஞ்சு கொண்டுவந்து ஊராட்சி ஆபீஸில் வைத்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரியே கிடையாது.

ஊரில் இப்போது மூன்று பேச்சு ஓடுகிறது. பெயர்ப் பட்டியல் எழுதி ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். மாட்டுகிற பையனைக் கோயில் முன்னால் நிறுத்தி அபராதம் போடலாம் என்கிறார்கள் சிலர். வாடகைக்கு இருக்கிற வடநாட்டுப் பசங்களைக் காலி செய்யவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மூன்றாவது கட்சி. மூன்றுமே எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. நடத்திக் காட்டக்கூடியதாக, ஊராட்சி கையில் இருப்பதாக, என்ன எழுதலாம்? அனுபவம் இருக்கிறவர்கள் சொல்லுங்க.

காங்கேயத்தான்

நாலு பேரைக் கட்டிவைத்துத் தோலை உரித்தால் அஞ்சாவது ஆள் வரமாட்டான். எங்கள் காலத்தில் பீடி பிடித்தால் அப்பன் பெல்ட்டைக் கழற்றுவார். இப்போது பையனைத் தொட்டால் கேஸ் என்கிறார்கள். அதுதான் வினை.

கருப்புக்கோட்டு (ஈரோடு)

காங்கேயத்தண்ணா, கட்டிவைத்து அடித்தால் கேஸ் உங்கள் மேல்தான் வரும், அதில் சந்தேகமே வேண்டாம். கோயில் முன்னால் நிறுத்தி அபராதம் என்பதும் கட்டப்பஞ்சாயத்துக் கணக்கில்தான் சேரும். சிக்கிய பையன் 18 வயதுக்குக் கீழே என்றால் அவனை அடையாளம் காட்டும்படி பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015 தடை செய்கிறது. ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டோ போடுகிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளவும்.

வாய்க்கால்மேடு கேட்டதற்கு வருகிறேன். ஸ்டேஷனில் பெயர்ப் பட்டியல் கொடுக்கும் முன் சட்டம் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்று ஊருக்குச் சொல்லுங்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் எல்லாமே அளவுதான். கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தபட்சமே 10 வருஷம். இழுத்துவிட்டு மாட்டுகிற பையன் பையில் இருப்பது பெரும்பாலும் கிராம் கணக்கு. அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கை ரத்து செய்ய முடியும். நல்ல பிரிவு. ஆனால் என்னிடம் வருகிற பெற்றோர்களில் இதைக் கேள்விப்பட்டவர் அபூர்வம். "எப்படியாவது பெயில் மட்டும் வாங்கிக் கொடுங்க சார்" என்பார்கள். பையன் வெளியே வருவான், அதே வாய்க்கால் மேட்டுக்குப் போவான்.

சிறுவர்கள் விஷயத்தில் இன்னும் இளக்கம் உண்டு. கொடுங்குற்றம் அல்லாதவற்றில் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதி சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி. "கேஸ் ஆனால் கவர்ன்மெண்டு வேலை போயிடும்" என்று பயந்து மூடி மறைக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லவேண்டும்.

உண்மையிலேயே கடுமை காட்ட வேண்டிய இடம் வேறே. ஒரு குழந்தைக்குச் சாராயமோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவில் 7 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். புகையிலையும் இதில் வருகிறது, கவனியுங்கள். பொட்டிக்கடைக்காரருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தோலை உரிக்கணும் என்கிற கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கண்ணா.

சாக்பீஸ் (தாராபுரம் பக்கம், அரசு மேல்நிலைப் பள்ளி)

பொட்டிக்கடையிலிருந்தே நானும் ஆரம்பிக்கிறேன். கூல் லிப் என்பது சின்னப் பைக்குள் வாசனை போட்ட புகையிலை. கீழ் உதட்டுக்குள் வைத்துக்கொண்டால் புகையும் வராது, துப்பவும் வேண்டாம், வீட்டுக்குப் போனால் வாய் நாறாது. வகுப்பில் கண்டுபிடிப்பது எப்படி என்றால், எப்போதும் வாயாடுகிற பையன் திடீரென்று தலையை மட்டும் ஆட்டுவான். கீழ் உதடு லேசாக உப்பியிருக்கும். பெஞ்சுக்கு அடியில் கை விட்டால் பபிள்கம்மோடு இந்தப் பையும் ஒட்டிக்கிடக்கும். குட்கா வகைகளுக்குத் தமிழ்நாட்டில் 2013இலிருந்து தடை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தடை பாட்டுக்கு இருக்கிறது, சரக்கும் பாட்டுக்கு வருகிறது.

பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது 2003ஆம் வருஷச் சட்டம். சுமார் 91 மீட்டர். அந்தத் தூரத்தில் ரோட்டில் மஞ்சள் கோடு போட்டு அடையாளம் காட்டச் சொல்லி வழிகாட்டுதலும் இருக்கிறது. கோடு போட ஒரு டப்பா பெயிண்ட் போதும். தீர்மானத்தில் முதலில் அதை எழுதுங்கள். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் கடைக்காரரிடம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

பள்ளிக்குள் நடப்பதையும் சொல்லவேண்டும். போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. ஜூன் 26 வந்தால் பேரணி, ஓவியப் போட்டி, உறுதிமொழி. மண்டையோடு வரைந்த பையனுக்கு முதல் பரிசு. வெளியிலிருந்து யாராவது வந்து அழுகிய நுரையீரல் படம் காட்டிப் பயமுறுத்துவார்கள். பசங்கள் அன்று பயப்படுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அமெரிக்காவில் 1983இல் இப்படிப் போலீஸ்காரர்களை வகுப்புக்கு அனுப்பி ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள், டேர் என்று பெயர். பல வருஷம் கழித்து ஆய்வு செய்து பார்த்ததில் அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்தின் தடுப்பு வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது: பயமுறுத்தும் ஒரு நாள் கூட்டம் பலன் தருவதில்லை, நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது, கோபத்தை எப்படிக் கையாள்வது என்று வாரா வாரம் பழக்குவதும், பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பதும் பலன் தருகின்றன. அதற்கு நேரம் ஒதுக்கச் சொன்னால் "போர்ஷன் முடியலை சார்" என்கிறோம். நானும் அப்படிச் சொல்கிற வாத்தியார்தான்.

பத்தாவது ரிசல்ட் வந்த பிறகு இரண்டு மாசம் ரொம்ப முக்கியம். பெயிலான பையன் ஜூலை துணைத்தேர்வு எழுதாமல் நேராகக் கம்பெனிக்குப் போய்விட்டால் அவனை நாங்கள் இழந்துவிட்டோம் என்றே அர்த்தம். ஊராட்சியில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போக முடியுமா? போதைப் பட்டியலைவிட அது உபயோகமான பட்டியல்.

ஓவர்லாக் (திருப்பூர்)

வாத்தியார் சொன்னதைத் தொட்டு நானும் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. 16, 17 வயசுப் பையன் வருகிறான், கை மடிக்கிற வேலையில் ஆரம்பிக்கிறான். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், சில நாள் விடிய விடிய. சனிக்கிழமை சம்பளம் கையில். வீட்டில் அப்பாவும் அம்மாவும் வேறே கம்பெனியில் அதே ஷிப்ட். அவன் சாப்பிட்டானா, எங்கே போனான் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. உடம்பு வலிக்குது என்று ஒருத்தன் மாத்திரை கொடுப்பான், அது வலியை மட்டும் எடுப்பதில்லை. இப்படித்தான் தொடங்குகிறது, நான் பார்த்தவரை.

அப்புறம் வடநாட்டுப் பசங்க விஷயம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களிடம் கஞ்சா சாக்லேட்டும் கைனி என்கிற மெல்லும் புகையிலையும் பிடிபடுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆந்திரா-ஒடிசா எல்லையிலிருந்து சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாக ஓடுகிற ரயில்களில் கேட்பாரற்ற பை என்று பேப்பரில் செய்தி வருகிறது. ஆனால் வாய்க்கால்மேட்டு ஊரில் கூல் லிப் விற்கிறவர் யார்? உள்ளூர்க்காரர். மாத்திரை விற்கிறவன்? உள்ளூர்ப் பையன். வாங்குகிறவனும் உள்ளூர்ப் பையன். வடநாட்டுக்காரனைக் காலி செய்யச் சொன்னால் ஊருக்கு ஒரு திருப்தி கிடைக்கும், தறி ஓட்ட ஆள் கிடைக்காது. நம் ஊர்களில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: வடநாட்டுக்காரன் இல்லாத ஊரில் "காலனிப் பசங்க" என்று விரலை நீட்டுவார்கள். தோட்டத்து வீட்டுப் பையன் அதையே செய்தால் "சேர்க்கை சரியில்லை" என்று முடித்துக்கொள்வார்கள். தீர்மானம் எழுதும்போது இதைக் கொஞ்சம் மனசில் வையுங்க.

பனைமரத்தான்

இத்தனை பேசுகிறீர்களே, டாஸ்மாக்கைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. 2003இலிருந்து அரசே சில்லறையில் விற்கிறது. வருஷத்துக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். இந்தப் பக்கம் கல்லாவை எண்ணிக்கொண்டு அந்தப் பக்கம் உறுதிமொழி வாசிப்பதா? நம் சேலம் ஜில்லாவில் 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதே கொங்கு மண்ணில் தென்னை, பனை வைத்திருக்கிற விவசாயி கள் இறக்கினால் குற்றவாளி. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. கள்ளைத் திறந்துவிட்டால் பசங்கள் மாத்திரைக்குப் போகமாட்டார்கள்.

சாக்பீஸ்

கள்ளு கிடைத்தால் ஒன்பதாவது படிக்கிறவன் கூல் லிப்பை விட்டுவிடுவானா? எப்படிங்க?

நெறியாளர்

கள் பற்றி ஏற்கெனவே நீண்ட இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே தொடரவும். இதற்கடுத்து வந்த ஏழு பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். டாஸ்மாக் கேள்வி இங்கேயே இருக்கட்டும், அது பொருத்தமானது.

வாய்க்கால்மேடு

டாஸ்மாக்கைப் பற்றி ஊரிலும் கேட்டார்கள். கிராமப்புறத்தில் பள்ளி, கோயிலிலிருந்து 100 மீட்டருக்குள் கடை இருக்கக்கூடாது என்று விதி. எங்கள் கடை அதற்கு வெளியே இருக்கிறது. 21 வயசுக்குக் கீழே விற்கக்கூடாது என்றும் விதி. பள்ளிச் சீருடைக்கு மேல் ஒரு டீ சர்ட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவனிடம் யாரும் வயசு கேட்பதில்லை. "21 வயது அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று மாவட்ட மேலாளருக்குக் கடிதம்" என்று ஒரு வரி சேர்க்கிறேன். கடையை மூடச் சொல்லும் தீர்மானமும் தனியாகப் போகட்டும். ஆனால் அது நடக்கிற வரைக்கும் கையைக் கட்டி உட்காரமுடியாது.

மாத்திரைக்கடை (அவிநாசி ரோடு)

மருந்துக்கடைக்காரன் என்றாலே இப்போது எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதனால் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வருகிறவன் தனியாக வரமாட்டான். பைக்கில் மூன்று பேர், இரண்டு பேர் தள்ளி நிற்பார்கள். நல்லா டிரஸ் பண்ணின ஒருத்தன் மட்டும் கவுண்டருக்கு வருவான். செல்போனில் டாக்டர் சீட்டின் போட்டோவைக் காட்டுவான். தேதி இருக்கிற இடத்தில் கட்டைவிரல் இருக்கும். விரலை எடுக்கச் சொன்னால் "பாட்டிக்கு அண்ணா, கேன்சர்" என்பான். ஸ்டிரிப் கணக்கில் கேட்பான், விலையை எதிர்பேசாமல் கொடுப்பான். நாற்பது ரூபாய் மாத்திரைக்குக்கூடப் பில் கேட்டுப் பேரம் பேசுகிற ஊரில், விலை கேட்காதவனைப் பார்த்தால் சந்தேகம் வரவேண்டாமா?

டிராமடாலை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதன்பின் டேபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரைக்குக் கூட்டம் திரும்பியது. ஆபரேஷன் ஆனவருக்கும் கடும் வலியில் இருப்பவருக்கும் எழுதுகிற மருந்து. பசங்கள் அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். வாய்க்கால்மேட்டில் ஆத்தாவுக்குக் கிடைத்த சிரிஞ்சுகள் அநேகமாக அதுதான். மாத்திரையில் சேர்க்கிற மாவுப்பொருள் நரம்பை அடைத்துக் கையைச் சீழ் பிடிக்க வைக்கும். ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை கிருமி எல்லாம் கூடவே வரும்.

நைட்ராஜெபாம், அல்பிரஜோலம் மாதிரியான தூக்க மாத்திரைகள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச்1 பட்டியலில் இருக்கின்றன. அதற்குத் தனி நோட்டு போட்டு, டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். ஒழுங்காக எழுதுகிற கடைக்காரர்கள் நிறையப் பேர். எழுதாத ஒருவர் ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும், எல்லாப் பைக்கும் அங்கே போகும். எங்கள் பகுதியில் மருந்துக்கடைக்காரர்களே வாட்ஸாப்பில் பேசிக்கொள்கிறோம்: எந்தச் சீட்டு சுற்றுகிறது, எந்த டாக்டர் லெட்டர்பேடைக் காப்பியடித்திருக்கிறார்கள் என்று. உங்கள் ஊராட்சியைச் சுற்றி இருக்கிற கடைக்காரர்களை கிராம சபைக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்காமல் கூப்பிடணும். ஆன்லைனிலும் கூரியரிலும் வருவது வேறே கதை, அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் போலீஸும் பார்க்கவேண்டியது. புகார் சொல்ல 10581 இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பேர்வேண்டாம்

இங்கே எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். என் மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தான். ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். மேலே ஒருவர் சொன்ன அதே மாத்திரை. எங்களுக்குத் தெரியவந்தபோது காலேஜை விட்டு நின்று ஒரு செமஸ்டர் ஆகியிருந்தது, ஃபீஸ் மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம்.

முதலில் நாங்கள் நினைத்தது அவன் உயிரைப் பற்றி இல்லை. அவன் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம், அதைப் பற்றித்தான். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது என்று சொந்தத்தில் சொன்னோம். சொந்தக்காரர் ஒருவர் சொன்ன தனியார் மையத்தில் விட்டோம். ராத்திரி வண்டியில் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளைக்குப் போன் பேசக்கூடாது, பார்க்க வரக்கூடாது என்றார்கள். பணம் மட்டும் மாசம் தவறாமல் கட்டினோம். அவன் வெளியே வந்தபோது இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இழுத்த தழும்பு. ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாசமே மறுபடி ஆரம்பித்துவிட்டான், இந்தத் தடவை எங்கள் மேல் வெறுப்போடு.

அதற்கப்புறம்தான் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். அதுவும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. அங்கே டாக்டர் முதலில் கேட்டது, "உனக்கு ராத்திரி தூக்கம் வருதாப்பா?" என்று. அவன் அழுதுவிட்டான். மாத்திரை கொடுத்தார்கள், வாரா வாரம் வரச்சொன்னார்கள். நடுவில் மறுபடி சறுக்கினான், மறுபடி போனோம். இப்போது ஒரு லேத் பட்டறையில் வேலைக்குப் போகிறான். படிப்பு போய்விட்டது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

வார்டு_அக்கா (அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு செவிலியர்)

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. எங்கள் வார்டில் வாரத்துக்கு ஒருமுறையாவது இதே கதை வரும்.

கட்டிப்போடுவதைப் பற்றி முதலில். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பும் மனநோய் என்ற வரையறைக்குள் வருகிறது. அதனால் இப்படி ஆட்களை வைத்துச் சிகிச்சை தரும் எந்த மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் நேரடியாகவே தடை செய்கிறது. 18க்குக் கீழே இருந்தால் பெரியவர்களோடு சேர்த்துப் போடக்கூடாது, வீட்டாள் கூடவே தங்கவேண்டும். "பார்க்கவே விடமாட்டோம்" என்று சொல்கிற இடம் என்றால் பிள்ளையை விடாதீர்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி வண்டி அனுப்பித் தூக்கிப் போவது சிகிச்சை இல்லை.

இன்னொன்று, இது கிராமத்தில் ரொம்பப் பேர் செய்வது. "அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்" என்று விளம்பரம் பார்த்து வாங்குகிறார்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் ரத்தமாய்ச் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கிவிடும். மருந்தை நிறுத்தி ஒரு வாரம் ஆன பிறகு குடித்தாலும் வரலாம். டாக்டர் கொடுத்து, நோயாளி தெரிந்து சாப்பிட்டால் அது நல்ல மருந்து. சாம்பாரில் கலந்தால் ஆளைக் கொன்றுவிடலாம். அதேபோல் வருஷக்கணக்கில் தினமும் குடித்தவரை ரூமில் பூட்டித் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கயிறு கட்டுங்கள், கட்டும் முன் ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை வாருங்கள்.

2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் செய்த கணக்கெடுப்பில் ஒரு செய்தி இருந்தது. குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. முகர்ந்து போதையேற்றும் பழக்கம் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் என்பதும் அதில் வந்தது. பஞ்சர் ஒட்டுகிற சொலுஷனைப் பசங்கள் எதற்கு வாங்குகிறார்கள் என்று கடைக்காரர் கேட்கவேண்டும்.

தீர்மானத்தில் என்ன எழுதலாம் என்றால்: மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, அந்தக் குழு வட்டார மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருகிறது. எந்த நாள், எந்த இடம் என்று கேட்டு வாங்கி, ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். 14446 மறுவாழ்வு உதவி எண், 14416 மனநல ஆலோசனை எண், குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்றையும் ரேஷன் கடைச் சுவரில் எழுதுங்கள். "சறுக்கினால் மறுபடி வா" என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் வேண்டும். ஆஷாவோ, அங்கன்வாடி டீச்சரோ, யாராக இருந்தாலும் வாயை வெளியே விடாத ஆளாக இருக்கணும்.

காங்கேயத்தான்

அடிக்கிறது தப்பென்று ஒத்துக்கொள்கிறேன், போதுமா. ஆனால் பையனைச் சரிபண்ணிக் கூட்டிவந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் எங்கே போவான்? அதே குடோனுக்குத்தானே?

தேங்காய்நார் (பொள்ளாச்சி)

அதுதான் கேள்வி. ஐஸ்லாந்து என்று ஒரு குட்டி நாடு. 1998இல் அங்கே 15, 16 வயசுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாசத்துக்குள் குடித்துப் போதையானவர்கள். 2016இல் அது 5 சதவீதம். தினம் சிகரெட் பிடிக்கிறவர்கள் 23இலிருந்து 3 சதவீதம். போலீஸைக் கூட்டி இதைச் செய்யவில்லை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளிடமே பெயர் எழுதாத தாளில் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு, அந்த ஊர் முடிவை அந்த ஊருக்கே காட்டினார்கள். விளையாட்டு, இசை வகுப்புக்குக் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தார்கள். 13 முதல் 16 வயசு வரை குளிர்காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. பெற்றோர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து பார்த்தார்கள்.

அங்கே ஜனத்தொகை நம் ஒரு தாலுகா அளவுதான், பணமும் இருக்கிறது. அதெல்லாம் சரி. ஆனால் பெயரில்லாத தாளில் பத்துக் கேள்வி கேட்க நமக்கு என்ன செலவு? வள்ளி கும்மி இப்போது ஊர் ஊராக நடக்கிறது. எங்கள் பக்கம் சாயங்காலமானால் சின்னப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை நிற்கிறார்கள். பெருஞ்சலங்கையாட்டத்துக்குப் பையன்கள் கால் வலிக்க வலிக்கப் பழகுகிறார்கள். கோயில் நோம்பிக்கு ஆடவேண்டும் என்று ஆசை இருக்கிறவன் ஏழு மணிக்கு வாய்க்கால் மேட்டில் உட்கார மாட்டான். அந்த வட்டத்தில் யார் யாரைச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். ஓவர்லாக் சொன்னதை இங்கேயும் சொல்லவேண்டும்: காலனிப் பையனுக்கு ஆட இடமில்லை என்றால் பாதி ஊரை விட்டுவிட்டு மருந்து கொடுக்கிற மாதிரி.

காங்கேயத்தான்

எங்கள் ஊரில் வாலிபால் கோர்ட் போட்டார்கள். எம்.எல்.ஏ. வந்து திறந்தார். மூன்றாவது வாரம் லைட் எரியவில்லை, நெட்டைக் காணோம். இப்போது அங்கேயேதான் உட்கார்ந்து ஊதுகிறார்கள். இடம் கட்டுவது சுலபம். தினமும் அங்கே நிற்கிற ஆள் யார்? அவருக்குச் சம்பளம் யார் கொடுப்பார்? அதை எழுதாமல் மைதானம் என்று எழுதாதீர்கள்.

ஓவர்லாக்

காங்கேயத்தண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு. ஆளில்லாத மைதானம் இன்னொரு தறிக்குடோன்தான்.

கம்பெனிக்காரர்களையும் இழுங்கள். பல்லடம் பக்கம் எத்தனை மில், எத்தனை தறி, எத்தனை கோழிப் பண்ணை. ஒரு பயிற்சியாளர் சம்பளத்தை நாலு பேர் பிரித்துக்கொண்டால் டீச் செலவுதான். இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிற பையனை வேலையை விட்டு நிறுத்தாமல் சிகிச்சைக்கு அனுப்பவும் அவர்களிடம் கேளுங்கள். குடித்துவிட்டு வந்தான் என்று வெளியே தள்ளினால் அவனுக்குச் சனிக்கிழமைச் சம்பளமும் போய், கார்டும் போய், கூட்டாளி மட்டும் மிச்சம்.

வாய்க்கால்மேடு

எல்லோருக்கும் நன்றிங்க. செயலரிடம் கொடுக்க இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"பள்ளியிலிருந்து 100 கெஜத்தில் ஊராட்சிச் செலவில் மஞ்சள் கோடு போடுவது. எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு, இளைஞர் நீதிச் சட்டம் 77ஆவது பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் அறிவிப்பு கொடுப்பது. மீறினால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் 10581க்கும் ஊராட்சியே புகார் செய்வது. சுற்றுவட்டார மருந்துக்கடை உரிமையாளர்களோடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூட்டம். மனநலக் குழு வரும் நாளையும் மூன்று உதவி எண்களையும் ரேஷன் கடை, பள்ளி, நூலகச் சுவரில் எழுதுவது. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள், இடைநின்றவர்கள் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் பெற்று, துணைத்தேர்வுக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு உறுப்பினர்கள் செல்வது. மைதானத்துக்கு மாலை 5 முதல் 8 வரை சம்பளத்துடன் ஒரு பொறுப்பாளர். சம்பளத்துக்கு ஊரில் உள்ள மில், தறி உரிமையாளர்களிடம் கையெழுத்துடன் ஒப்புதல். ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம். பயன்படுத்தும் இளைஞர்களின் பெயரை யாரும் பொதுவில் சொல்லவோ பகிரவோ கூடாது."

தறிக்குடோன் சொந்தக்காரரிடமும் பேசினேன். கதவு போடுவதற்கு அவர் ஒத்துக்கொண்டார், விளக்குக்கு ஊராட்சி.

கருப்புக்கோட்டு

நன்றாக இருக்கிறது. கடைசி வரிக்கு அடுத்து இன்னொன்று சேருங்கள்: "சிகிச்சைக்கு விரும்பும் குடும்பத்துக்கு 64ஏ பற்றி விளக்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் சட்ட முகாம் கேட்பது." அதற்கு ஒரு கடிதம் போதும், இலவசம். அப்புறம், தீர்மான நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வரிக்கு வரி கேட்க அது வேண்டும்.

வார்டு_அக்கா

அந்த ஆத்தா கொண்டுவந்த சிரிஞ்சுகளைக் குப்பை வண்டியில் போடவேண்டாம். தூய்மைப் பணியாளர் கையில் குத்திவிடும். மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். ஆத்தா கையில் ஏற்கெனவே குத்தியிருந்தால் இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

வாய்க்கால்மேடு

கேட்டுவிட்டேன் அக்கா. ஆட்டுக்குத்தான் குத்தியிருக்கிறது, அவருக்கு இல்லை என்கிறார். இருந்தாலும் காலையில் கூட்டிப்போகிறேன், டப்பாவையும் அப்படியே கொடுத்துவிடுகிறேன்.